காது மிஷின்: எங்கே வாங்குவது, எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா?

காதுக்குள் ஓயாத ஒரு கொய்ங் சத்தம். அதோடு டிவி வால்யூமும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. இந்த இரண்டும் ஒன்றாக வந்தவர்கள் எங்கள் வடசென்னைப் பக்கத்தில் நிறைய. தண்டையார்பேட்டை லேத் பட்டறை, காசிமேட்டு விசைப்படகு, பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், மணலி கம்பெனிகள், மின்ட் பக்கத்து அச்சகங்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சத்தத்தில் சம்பாதித்தவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். கிரைண்டர் ஓடும் பட்டறையில் வேலை பார்த்தேன், இப்போது அதே பட்டறையில் கணக்கு எழுதுகிறேன்.

இஎன்டி டாக்டர் "நரம்பு வீக்கா இருக்கு, வயசாகுதுல்ல" என்று சொல்லி அனுப்பிய பிறகு எல்லாரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறோம். அப்படியே விட்டுவிடலாமா? மாத்திரை சாப்பிடலாமா? ஆன்லைனில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்கு வருகிற மிஷின் போதாதா? ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருவார்களா? தனியார் கிளினிக்கில் 20,000 ரூபாய்க்கும் இருக்கிறது, 2 லட்சத்துக்கும் இருக்கிறது, எதை எடுப்பது? ஒரு காதுக்கா, இரண்டுக்குமா? விற்பவரைக் கேட்டால் விலை கூடியதைக் காட்டுவார். சொந்தக்காரரைக் கேட்டால் "எங்க பெரியப்பா வாங்கி பீரோவுலயே வச்சிருக்காரு, தண்டம்" என்பார்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஷினின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், வாங்கிய பிறகு அதை நம் காதுக்கு ஏற்றபடி டியூன் செய்து தர யார் இருக்கிறார், அவரிடம் ஒரு பஸ்ஸிலோ மெட்ரோவிலோ சுலபமாகப் போய்வர முடியுமா என்று பார்க்க வேண்டும். பீரோவில் தூங்கும் மிஷின்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை கிடையாது. சரியாக டியூன் ஆகாதவை.

ஒப்பிடும் பேச்சே கூடாத சில நிலைகள்

இந்தக் கட்டுரை வருடக்கணக்கில் மெல்லக் குறைகிற காதைப் பற்றியது. திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ, ஒரு காது அடைத்துப்போய்க் கேட்கவில்லை என்றால் அது வேறு கதை, அவசரம். "சளி, தானா சரியாயிடும்" என்று ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் இது.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடி துடிக்கிற தாளத்தில் இரைச்சல், கூடவே தலைசுற்றல், சீழ் வடிதல், முகம் ஒரு பக்கம் மரத்தல் என்று எது இருந்தாலும் மிஷின் கடைக்குப் போகாமல் இஎன்டி டாக்டரிடம் போக வேண்டும். ஒரு பக்க இரைச்சலுக்குப் பின்னால் அபூர்வமாகக் காது நரம்பில் புற்றுநோய் அல்லாத கட்டி இருக்கலாம். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துத்தான் அது இல்லை என்று சொல்ல முடியும்.

அப்புறம் குரும்பி. காதை முழுக்க அடைத்திருக்கும் குரும்பியை எடுத்ததும் இரைச்சலும் குறைந்து, பேச்சும் தெளிவாகி, செலவு அதோடு முடிந்தவர்கள் உண்டு. பட்ஸ், ஹேர்பின், காய்ச்சிய எண்ணெய் எதுவும் வேண்டாம், டாக்டரே எடுக்கட்டும். சாப்பிடுகிற மாத்திரை சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அதிக அளவு ஆஸ்பிரின், ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், பழைய காசநோய் ஊசியான ஸ்ட்ரெப்டோமைசின் இவையெல்லாம் காதைப் பாதிக்கக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு தாளில் இருக்கிற கதை

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கையில் ஆடியோகிராம் இருந்தாக வேண்டும். சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, பீப் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லி எடுக்கிற டெஸ்ட். தாளில் இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது கனத்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை. மேலிருந்து கீழாக டெசிபல். வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு கேட்கவில்லை.

என் தாளில் 1000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு கோடும் 25 டெசிபலை ஒட்டியே போகின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை. 2000-ல் சரிய ஆரம்பித்து, 4000-ல் 60-க்கு விழுந்து, 8000-ல் கொஞ்சம் ஏறுகிறது. 4000 பக்கம் விழுகிற அந்தப் பள்ளம்தான் சத்தத்தில் வேலை பார்த்தவர்களின் அடையாளம். வயதால் மட்டும் குறைந்தவர்களுக்குக் கோடு ஏறாமல் கடைசி வரை இறங்கிக்கொண்டே போகும். வயதும் சத்தமும் சேர்ந்தால் காலப்போக்கில் பள்ளமே தெரியாமல் எல்லாம் ஒரே சரிவாகிவிடும்.

உள்காதில் நத்தைச் சுருள் வடிவ அறைக்குள் இருக்கும் நுண்மயிர் செல்கள்தான் ஒலியை நரம்புக்கு மாற்றித் தருகின்றன. அவை செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. கீச்சொலிக்கான செல்கள் வாசலிலேயே இருப்பதால் முதலில் அடிபடுகின்றன. ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, தப்பித்துவிடும். ச, ஸ, ஷ, த, ட போன்றவை போய்விடும். அதனால்தான் "எனக்குக் கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று எல்லாரும் ஒரே வசனத்தைச் சொல்கிறோம். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் அறுபதா எழுபதா என்று தெரியாமல் நூறு ரூபாய் நோட்டை நீட்டி மீதி வாங்கிக்கொள்வது இந்த வியாதிக்காரர்களின் பொதுவான தந்திரம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? அறிஞர்கள் பரவலாக ஏற்கிற விளக்கம் இது: காதிலிருந்து வரவேண்டிய ஒலி குறைந்ததும் மூளை தன் பக்கத்தில் வால்யூமைக் கூட்டுகிறது. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைத் திருகினால் இரைச்சல்தானே ஏறும், அதுதான். இதை ஒத்துக்கொண்டால் ஒன்று விளங்கும். இரைச்சலும் செவிக் குறைவும் இரண்டு தனித்தனி நோய் கிடையாது, ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்கும் உதவும். மிஷின் போட்டு வெளி ஒலி உள்ளே போனதும், போட்டிருக்கும் நேரத்திலாவது பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது. எல்லாருக்கும் அப்படி என்று சத்தியம் செய்ய முடியாது.

விட்டுவிடுவது

இதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம், இதுவும் ஒரு வழிதான். குறைவு லேசாக, 30 டெசிபலுக்குள் இருந்து, வீட்டில் பேச்சு புரிந்து, இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்காமல் இருந்தால், வருடம் ஒரு முறை டெஸ்ட் எடுத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். இரைச்சல் கேட்கிற பெரும்பாலோர் அதோடு பழகி, நாளாக நாளாக அதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் குறைவு நடுத்தரத்துக்கு வந்த பிறகும் விட்டால் விலை வேறு ரூபத்தில் வரும். புரியாமலே "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவது, கல்யாண மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்துவிட்டு முதல் பந்தியிலேயே சாப்பிட்டுக் கிளம்புவது, பேரப்பிள்ளை போன் பண்ணினால் "ஆயாகிட்ட குடு" என்பது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பின்னால் வருகிற டிரெய்லரின் ஹாரன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பது இன்னும் மோசம். லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2020-லும் 2024-லும் வெளியிட்ட அறிக்கைகளில், மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்களின் பட்டியலில் செவிக் குறைவும் இருக்கிறது. மிஷின் போட்டால் மறதி வராது என்று இதற்கு அர்த்தமில்லை. 2023-ல் அமெரிக்காவில் வந்த மூன்று வருட ஆய்வில், எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது மிஷினால் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த முதியவர்களிடம் மட்டும் சிந்தனைத் திறன் சரிகிற வேகம் குறைந்தது. கடைக்காரர் "போடலன்னா மூளை சுருங்கிடும் சார்" என்று பயமுறுத்தினால் இந்த அளவுக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை

சுருக்கமாக முடித்துவிடலாம். அமெரிக்க இஎன்டி சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டி, நீடித்த காதிரைச்சலுக்கு ஜின்கோ, மெலடோனின், துத்தநாகம் போன்ற சத்து மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. மனச்சோர்வு மாத்திரை, வலிப்பு மாத்திரையையும் இரைச்சலுக்கென்றே வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம் ஊரில் அதிகம் எழுதப்படும் பீட்டாஹிஸ்டின் தலைசுற்றலுக்கானது, இரைச்சலைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை. ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்தால் அதற்கு மாத்திரை எடுக்கலாம், தப்பில்லை. மாதா மாதம் "நரம்பு மாத்திரை"க்குச் செலவழிக்கிற பணத்தை ஒரு வருடம் சேர்த்தால் ஒரு சாதாரண மிஷினுக்கு முன்பணம் ஆகிவிடும்.

ஆன்லைன் மிஷின்

விளம்பரத்தில் தாத்தா சிரிக்கிறார், விலை ஆயிரத்துச் சொச்சம். ஆசை வரத்தான் செய்யும். மச்சானுக்கு அவன் மகன் வாங்கிக் கொடுத்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சின்ன சக்கரம் ஒன்று, மூன்று அளவில் ரப்பர் முனை, அவ்வளவுதான். காதில் வைத்ததும் மின்விசிறிச் சத்தம் தடதடத்தது, கையைக் காதுப் பக்கம் கொண்டுபோனால் கீ என்று விசிலடித்தது.

அதன் கோளாறு எங்கே என்று தெரிந்துகொண்டால் நல்ல மிஷின் எதைச் செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். நம்மைப் போன்றவர்களுக்கு மெதுவாகப் பேசினால் கேட்காது, கொஞ்சம் சத்தமாகப் பேசினால் "ஏன் கத்துற" என்று எரிச்சல் வரும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கிப்போவதுதான் காரணம். ஆகவே மிஷின் மெல்லிய ஒலியை நிறையவும், நடுத்தர ஒலியைக் கொஞ்சமாகவும் கூட்டி, பலத்த ஒலியைத் தொடாமல் விட வேண்டும். அதையும் ஆடியோகிராமில் பள்ளம் இருக்கிற ஹெர்ட்ஸில் மட்டும் செய்ய வேண்டும். அந்த ஆயிரம் ரூபாய்ப் பெட்டி எல்லாவற்றையும் ஒரே அளவில் கூட்டுகிறது. எனக்கு 500 ஹெர்ட்ஸில் கூட்டவே தேவையில்லை, அங்கேதான் மின்விசிறியும் பஸ் இன்ஜினும் இருக்கின்றன. மேல்வரம்பு இல்லாமல் பட்டாசுச் சத்தத்தையும் கூட்டி உள்ளே தள்ளினால் மிச்சமிருக்கும் செல்களுக்கும் ஆபத்து, இரைச்சலும் ஏறலாம்.

படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியிடம் நாலு வார்த்தை பேச, வேறு எதுவும் கைகூடாத நிலையில், வால்யூமைக் குறைத்து வைத்துப் பயன்படுத்தலாம். மற்றபடி இதை நான் ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடுவேன். அதைவிட, செல்போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியை இலவசமாகப் போட்டுக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் பேசுவதைத் தமிழிலேயே எழுத்தாக்கிக் காட்டும். நம்ம பாஷையில் "இன்னாபா"வை அது எப்படி எழுதுகிறது என்று பார்ப்பது தனிப் பொழுதுபோக்கு. பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் இதை வைத்தே சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அரசு ஆஸ்பத்திரி

பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்கிற ஸ்டான்லி நமக்குக் கிட்ட. சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜிஹெச்சுக்கு விம்கோ நகரிலிருந்தே மெட்ரோவில் நேராகப் போய்விடலாம். இரண்டிலும் இஎன்டி பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும், வரிசை உண்டு, டெஸ்டுக்கு வேறொரு நாள் வரச் சொல்லலாம். பொறுமை இருந்தால் இங்கே கிடைப்பதை வேறெங்கும் வாங்க முடியாது: மிஷின் விற்க வேண்டிய அவசியமே இல்லாத ஒருவர் உங்கள் காதைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. தனியாரிடம்தான் மிஷின் வாங்கப் போகிறீர்கள் என்றாலும் முதல் ஆடியோகிராமை இங்கே எடுத்துவிடுங்கள் என்பேன்.

இலவச மிஷின் என்று வரும்போது எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டங்களில் 40 சதவீதக் குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் கேட்பார்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சு ஒலிகளில் இரண்டு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் குறைந்திருந்தால்தான் செவிக் குறைபாடு உள்ளவர் என்ற கணக்கில் வரும். பேச்சுப் பகுதியில் சராசரி 40, 45 இருக்கிற, சத்தத்தால் அடிபட்ட பெரும்பாலான ஆட்கள் இதற்கு வெளியேதான் நிற்போம். வாழ்க்கை சிரமமாக இருக்கும், சான்றிதழ் கிடைக்காது. மத்திய அரசின் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தில் 60 வயது தாண்டிய, வருமானம் குறைந்த முதியவர்களுக்குத் தரும் உபகரணங்களில் காது மிஷினும் உண்டு, முகாம் போடும்போது விசாரிக்கலாம்.

தகுதி இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். காதுக்குப் பின்னால் மாட்டுகிற டிஜிட்டல் மிஷின்தான் பொதுவாகத் தருவார்கள். அழகாக இருக்காது, உழைக்கும். முகாமில் ஒரே நாளில் நூறு பேருக்குக் கொடுக்கிற இடத்தில் நம் தாளைப் பார்த்து நிதானமாக டியூன் செய்ய நேரமிருக்காது என்பதுதான் குறை. மிஷினை அங்கே வாங்கி, ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுக்கிற ஆடியோலஜி பிரிவில் பிறகு ஒரு நாள் காட்டி டியூன் செய்து தரக் கேட்கலாம்.

இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள் இதையெல்லாம் யோசிப்பதற்கு முன் அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ள தொழிலாளிக்கு அந்தத் திட்டத்தில் காது மிஷினும் வரும். சத்தத்தால் வந்த செவிக் குறைவு தொழில்சார் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்களுக்குப் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள்.

தனியார் கிளினிக்: 20,000-க்கும் 2 லட்சத்துக்கும் நடுவே

பணம் போவது இங்கேதான், குழப்பமும் இங்கேதான். ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 முதல் 25,000 வரை ஆரம்ப நிலை டிஜிட்டல் மிஷின். 40,000-லிருந்து நடுத்தரம். ஜோடி லட்சத்தைத் தாண்டினால் மேல்தட்டு. காது மிஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் மிஷின் மேல் வரி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டில் இது வராது.

விலை ஏற ஏற எதற்குக் கொடுக்கிறோம்? கூட்டத்தில் எதிரில் இருப்பவர் குரலைப் பிரித்துத் தரும் திறமை, காற்றுச் சத்தத்தை அடக்குவது, புளூடூத்தில் போன் பேச்சு நேராகக் காதுக்கு வருவது, சார்ஜ் போடும் வசதி, இடத்துக்கு ஏற்பத் தானாக மாறிக்கொள்வது. வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்து, டிவியும் கோயிலும்தான் உலகம் என்றால் இவற்றில் பாதி தேவைப்படாது. கடையில் நின்று வியாபாரம் செய்கிறவர், கூட்டங்களுக்குப் போகிறவர், நாள் முழுக்க போன் பேசுகிறவர் என்றால் நடுத்தரம் வரை போகலாம். லட்சத்துக்கு மேல் கொடுத்த மிஷினும் கச்சேரி ஓடுகிற கல்யாண மண்டபத்தில் திணறத்தான் செய்யும். அதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை.

ஒரே பணத்தில் ஒரு காதுக்கு உயர்ந்த மிஷினா, இரண்டு காதுக்கும் சாதாரண மிஷினா என்று கேட்டால், இரண்டு காதும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். சத்தம் எந்தத் திசை என்று தெரிய இரண்டு காது வேண்டும், கூட்டத்தில் பேச்சைப் பிரிக்கவும் வேண்டும். இரைச்சல் இரண்டு பக்கமும் இருக்கும்போது ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒலி கொடுத்தால் மறுபக்கம் அப்படியே கத்திக்கொண்டிருக்கும். என் ஜோடி ஆரம்ப நிலைக்குச் சற்று மேலே. ஹாலில் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் கேட்காது, சாத்தாவிட்டால் எல்லாம் கேட்கிறது. அது லாபமா நஷ்டமா என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

வடிவத்தில் ஆசைப்பட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். வெளியே தெரியாமல் காதுக்குள்ளேயே போகிற சின்னதுதான் எல்லாருக்கும் வேண்டும். கீச்சொலி மட்டும் போய், கனத்த ஒலி நன்றாகக் கேட்கிறவர் அதைப் போட்டால் காது அடைபட்டு, சொந்தக் குரலே குடத்துக்குள் பேசுவது மாதிரி முழங்கும். சிலருக்கு இரைச்சலும் அதிகமாகத் தெரியும். காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய ஒயரும் ஓட்டை வைத்த ரப்பர் முனையுமாக வருவது அவர்களுக்குச் சரி. இன்னொன்று, கடற்கரை ஊர்க்காரர்கள் நாம். காசிமேட்டு உப்புக்காற்றும் மே மாத வேர்வையும் உள்ளே போகிற மிஷினைச் சீக்கிரம் பழுதாக்கும். எந்த வடிவமானாலும் ராத்திரி துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில் வைக்க வேண்டும்.

பேட்டரியா சார்ஜா? கைவிரல் தடுமாறாதவருக்குப் பேட்டரி மலிவு. பழுப்பு ஸ்டிக்கர் 312, ஆரஞ்சு ஸ்டிக்கர் 13 என்று நிறத்தைச் சொல்லிக் கேட்டால் போதும். ஸ்டிக்கரை உரித்த பிறகு காற்று பட்டுத்தான் வேலை செய்யத் தொடங்கும், ஒரு நிமிஷம் விட்டுப் போட வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், விழுங்கினால் பெரிய ஆபத்து. கை நடுங்குகிறவருக்கும் கண் மங்கியவருக்கும் சார்ஜ் மிஷின்தான்.

இப்போது அந்த முக்கியமான விஷயம், டியூன் செய்கிறவர். மச்சானுக்காகப் போன ஓர் இடத்தில் சத்தம் புகாத அறையே இல்லை. ஏசி ஓடுகிற கண்ணாடி அறையில் ஹெட்போனை மாட்டி ஐந்து நிமிஷத்தில் டெஸ்டை முடித்துவிட்டு, "இன்னைக்கே எடுத்தா 50 பர்சென்ட் ஆஃபர்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம். அதற்கடுத்துப் போன இடத்தில் ஒரு பெண் ஆடியோலஜிஸ்ட், டெஸ்டுக்கே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, "அண்ணே, வீட்ல யார் பேசறது உங்களுக்குப் புரியல?" என்று கேட்டார். மச்சான் "பேத்தி" என்றான். குழந்தைகள், பெண்கள் குரலிலிருந்து டியூனைத் தொடங்கினார்.

கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். டெஸ்ட் எடுக்கிறவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த ஆடியோலஜிஸ்டா? வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சில நாள் போட்டுப்பார்க்கத் தருவீர்களா? விலையில் எத்தனை டியூனிங் அடக்கம், அதற்குப் பிறகு எவ்வளவு? மிஷினை மாட்டிய பிறகு காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு ஒலியை அளந்து பார்ப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்கிற கிளினிக் அபூர்வம், கிடைத்தால் விடாதீர்கள். முதல் நாள் தட்டுச் சத்தம், செய்தித்தாள் புரட்டும் சத்தம், சொந்தச் செருப்புச் சத்தம் எல்லாம் எரிச்சலாக இருக்கும். மூளை பழக வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில்தான் நாலைந்து முறை போய் டியூனை மாற்றி வாங்க வேண்டும். அதனால்தான் நுங்கம்பாக்கத்தில் பெரிய பெயரெடுத்த இடத்தைவிட, நீங்கள் சலிக்காமல் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கும் நல்ல ஆடியோலஜிஸ்டை நான் மேலாக வைக்கிறேன்.

ராத்திரிக்கு என்ன செய்வது

மிஷினைக் கழற்றிவிட்டுப் படுத்ததும் இரைச்சல் திரும்பி வரும். இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. முழு அமைதியில்தான் அது பெரிதாகத் தெரிகிறது. மின்விசிறி ஓடினால் பாதி வேலை முடிந்தது. மின்வெட்டு ராத்திரிகளுக்காகச் செல்போனில் மழைச் சத்தம், கடலலைச் சத்தம் வைத்துக்கொள்ளலாம். இரைச்சலை முழுக்க மூழ்கடிக்கிற அளவுக்கு வைக்காமல், அதற்குச் சற்றுக் கீழே, இரண்டும் கலந்து கேட்கிற அளவில் வைத்தால் மூளை பழகிக்கொள்ளும் என்பது இந்த வைத்தியத்தின் அடிப்படை. சில மிஷின்களில் இந்த மாதிரி ஒலியை எழுப்பும் வசதி உள்ளேயே இருக்கும். இருந்தால் நல்லது, அதற்கென்று கூடுதலாக 20,000 கேட்டால் வேண்டாம்.

தூக்கமே போய், மனம் சோர்ந்து, நாள் முழுக்க அதையே கவனித்துக்கொண்டிருக்கும் நிலைக்கு வந்தவர்களுக்கு ஆதாரத்தோடு நிற்கிற வழி, சிபிடி என்கிற மனப்பயிற்சி. இரைச்சலின் அளவை அது குறைக்காது, இரைச்சலால் வரும் அவதியைக் குறைக்கும். "எனக்கென்ன பைத்தியமா" என்று பெரியவர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை. 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், அங்கிருந்து எங்கே போவது என்று வழிகாட்டுவார்கள்.

யாருக்கு எது

சராசரி 30 டெசிபலுக்குள், இரைச்சல் தொல்லையில்லை: காத்திருங்கள், கிரைண்டர் பக்கம் போகும்போது காதை மூடுகிற இயர்மஃப் போடுங்கள். இஎஸ்ஐ, ரயில்வே, 60 டெசிபல் சான்றிதழ் இவற்றில் ஒன்று இருந்தால் அரசு வழி. இவை எதுவும் இல்லாத, 40, 50 டெசிபலில் நடுவில் மாட்டிக்கொண்ட எங்களைப் போன்றவர்களுக்கு: ஆடியோகிராமை ஸ்டான்லியில் எடுத்து, அந்தத் தாளோடு பக்கத்தில் இரண்டு கிளினிக் ஏறி இறங்கி, ஆரம்ப நிலையிலேயே ஒரு ஜோடி வாங்குவது. கையில் 60,000 இருந்தால் 45,000-க்கு மேல் மிஷினில் போடாமல் மிச்சத்தைப் பேட்டரிக்கும் டியூனிங்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் படகில் போகிற மச்சானுக்கு நான் சொன்னது வேறு: கடலில் மிஷினே வேண்டாம், இன்ஜின் பக்கம் இயர்மஃப், கரைக்கு வந்து குளித்த பிறகு மிஷின்.

ஆடி மாதம் தெருமுனையில் அம்மன் கோயில் ஸ்பீக்கர் கட்டினால் மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு, நுரை இயர்பிளக் போட்டுக்கொண்டு கூழ் வாங்கப் போங்கள். வருடம் ஒரு முறை மறுபடியும் டெஸ்ட் எடுங்கள், பழைய தாளையும் கொண்டுபோங்கள். கோடு இறங்கியிருந்தால் புது மிஷின் வாங்க வேண்டியதில்லை, பெரும்பாலும் இருப்பதையே கம்ப்யூட்டரில் போட்டு மாற்றித் தருவார்கள்.